நடுக்கோடு விழாத படம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலம் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. எனக்கு முந்தி வந்திருந்த ஒரு அம்மாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். நடு வரியிலேயே தடுமாற்றம். "பரவாயில்லைங்கம்மா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்று கடைக்காரர் சமாதானம் சொன்னதும் அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வயசாவது! எங்கம்மா கடைசி வரைக்கும் கண்ணாடியில்லாம ஊசிக்கு நூல் கோத்தாங்க. எங்கம்மா கண்ணை நம்பி ரெண்டு ஊர்க்காரங்க ஒரு காலத்துல எங்க வீட்டுல வந்து உக்காந்திருந்தாங்க, தெரியுமா உங்களுக்கு?"

கடைக்காரர் தெரியாது என்று சொல்லி, அடுத்த கண்ணைப் பொத்தச் சொன்னார். நான்தான் விடவில்லை. அம்மாளின் பெயர் ஞானமேரி. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் கண்ணாடிக்குச் சட்டம் மாட்டி முடிப்பதற்குள் அவர் தன் பெற்றோரின் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். நடந்தது அவர் சொன்னது. நடுவில் வரும் புழுதியும் பஸ் சத்தமும் பேச்சும் நான் போட்டவை. சரியாக இல்லையென்றால் பழி எனக்கு.

2

எழுத உட்கார்ந்தபோது முதல் தொடக்கம் இப்படி வந்தது:

*பாக்கியநாதனுக்குப் படம் பிடிக்கிற பைத்தியம். அவன் மனைவி மரியபுஷ்பத்துக்கோ அந்தக் கேமராவைக் கண்டாலே எரிச்சல். "இதைத் தூக்கிக் கிணத்துல போடுங்க" என்று*

இதை ஞானமேரிக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"எங்கம்மாவுக்கு எதுக்கு எரிச்சல்? யார் சொன்னா உங்களுக்கு?"

"இல்லம்மா, பொதுவா கதையில புருசன் ஒரு பைத்தியம் புடிச்சு அலைஞ்சா, பொண்டாட்டி..."

"பொதுவா கதையில என்னமோ இருக்கட்டும். எங்கம்மாவுக்கு அதைவிடப் பெரிய பைத்தியம் ஒண்ணு இருந்துச்சு. அதை எழுதுங்க."

அடித்துவிட்டேன். இரண்டாவது தொடக்கம்:

*1963, தை மாதம். சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீசுக்குள் நுழைந்தாலே நாமகிரிப்பேட்டை மஞ்சளின் வாசனை நாசியைத் துளைத்து, நெஞ்சுக்குள் இறங்கி, நினைவின் அடுக்குகளைக் கலைத்து*

மஞ்சள் மூட்டையிடமிருந்து இவ்வளவு வேலை வாங்கக்கூடாது. இதையும் விட்டேன். மூன்றாவதாக ஒன்றும் முயற்சி செய்யாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

பாக்கியநாதன்* சேலம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. வீடு அரிசிப்பாளையத்தில், கோயில் மணி கேட்கிற தூரத்தில். ஒல்லியான ஆள். ஈரோட்டுக்கு மாற்றலாகிப் போன ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு விற்றுவிட்டுப் போன மடக்குக் கேமரா ஒன்று அவனிடம் இருந்தது. மூடியைத் திறந்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக முன்னால் நீளும்.

[* ஞானமேரியிடம் பேசும்போது "உங்கப்பா, அவர்" என்றுதான் சொல்வேன். கதைக்குள் வந்ததும் "அவன்" ஆகிவிட்டான். அந்த வருடத்தில் அவன் என்னைவிட எவ்வளவோ சின்னவன். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.]

அந்தக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. அசையாமல் இருப்பதை அச்சாகப் பிடிக்கும். அசைந்தால் புகையாக்கிவிடும். நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகள், புது லாரிக்கு மாலை போட்டு நிற்கிற முதலாளி, இளம்பிள்ளையில் பாவு நீட்டி நிற்கிற நெசவாளிகள் என்று நிற்கிறவர்களையெல்லாம் பாக்கியநாதன் எடுத்தான். ஓடுகிறவர்களை எடுத்துப் பார்த்து, வெறும் புகையைக் கழுவிக் காயப்போட்டு, அந்த ஆசையை விட்டுவிட்டான்.

மரியபுஷ்பத்தின் பைத்தியம் விளையாட்டு. விளையாடுவது அல்ல, பார்ப்பது. அவள் பிறந்த வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூட மைதானம். அண்ணன்மார் எல்லாரும் ஆட்டக்காரர்கள். பூப்பந்தோ கால்பந்தோ சடுகுடுவோ, எந்த ஊரில் எந்த ஆட்டம் என்றாலும் சனிக்கிழமையே அவளுக்குச் சேதி வந்துவிடும். "ஆம்பளைங்க ஆடுறதை நீ எதுக்குப் போய்ப் பாக்குறே?" என்று கோயில் வாசலில் ஒருத்தி கேட்டதற்கு, "ஆம்பளைங்களே பாத்துக்கிட்டிருந்தா அவங்க ஒழுங்கா ஆட மாட்டேங்கிறாங்களே" என்று பதில் சொன்னவள்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆனால் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும்? காலைப் பூசை முடியும். எலுமிச்சைச் சோறு கட்டுவார்கள். சின்னப் பெண் ஞானமேரியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் அவள் ஆட்டத்தைப் பார்ப்பாள். அவன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆட்டம் பார்க்கிறவர்களின் முகத்தைப் படம் பிடிப்பான். திரும்பும் வழியில் அவள் ஆட்டத்தைச் சொல்வாள். அவன் முகங்களைச் சொல்வான். சண்டைக்கு இடமே இல்லை. எழுதுகிறவனுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று பாருங்கள்.

4

ஆகவே சண்டையை வெளியூரிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

நாமகிரிப்பேட்டையில் மருதாசலம் என்று ஒரு விவசாயி. ரயிலில் மஞ்சள் அனுப்ப வந்து வந்து பாக்கியநாதனுக்குச் சிநேகிதமானவன். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். அந்த ஊர்ச் சடுகுடுக் கட்சிக்கு அவன்தான் தலைவன். பொங்கல் கழிந்து நடக்கும் ஆட்டத்துக்கு அந்த வருடம் அவனே பார்சல் ஆபீசுக்கு வந்து அழைத்தான்.

"சாருங்க, இந்த வாட்டி கடைசி ஆட்டம் எங்களுக்கும் தம்மம்பட்டிக்குமுங்க. அக்காளையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வந்துபோடுங்க. அங்கத்திக் கட்சிக்கு யாரு தலைவருன்னு நெனைக்கறீங்க? எங்க மாப்ளதானுங்க!"

மாப்பிள்ளை என்றால் தங்கை சௌந்திரத்தைக் கட்டிய சென்னிமலை. குட்டையான, உருண்டு திரண்ட ஆள். மச்சானும் மாப்பிள்ளையும் எதிரெதிர்க் கட்சி. சௌந்திரம் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண்கள் நிற்கிற பக்கத்தில், மரியபுஷ்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று ஆட்டம் பார்த்தாள். யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல், முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாளாம்.

ஆட்டம் சமமாகவே போய்க் கடைசிப் பாட்டுக்கு வந்தது. பாட்டு என்றால் மூச்சு. "சடுகுடு சடுகுடு" என்று விடாமல் சொல்லிக்கொண்டு எதிராளி எல்லைக்குள் போய்த் தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கடைசியாகப் பாடிக்கொண்டு போனவன் சென்னிமலை. மருதாசலத்தைத் தொட்டான். தொட்டதும் மருதாசலம் காலைப் பிடித்தான். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். அத்தனை பேர் எடைக்கு அடியிலிருந்து சென்னிமலையின் கை மட்டும் சுண்ணாம்புக் கோட்டை நோக்கி நீண்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒன்று அடித்துப் புழுதியைக் கிளப்பியது. கூட்டம் முழுக்கத் துண்டாலும் கையாலும் கண்ணை மூடிக்கொண்டது.

புழுதி அடங்கியபோது சென்னிமலையின் கை கோட்டின் மேல் இருந்தது. பாட்டு நின்றிருந்தது. எது முந்தியது? ராசிபுரத்திலிருந்து நடுவராக வந்த டிரில் மாஸ்டர் கந்தவேல், ஆட்கள் விழுந்த குவியலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வெறும் முதுகுகள்தான் தெரிந்தன. அதை அவர் மறைக்கவுமில்லை.

"கை பட்டுச்சு, மூச்சும் இருந்துச்சு!" என்றான் சென்னிமலை.

"மூச்சு அத்துப்போனதுக்கப்புறம் கையை நீட்டிப்போட்டுப் பேச்சைப் பாரு. பொய்க்காரன்!" என்றான் மருதாசலம்.

அந்தக் கடைசி வார்த்தை எல்லார் காதிலும் விழுந்தது. சென்னிமலை தங்கை புருசன். அத்தனை பேர் நடுவில் அந்த வார்த்தை. அவன் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, பெண்கள் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்திருக்கலாம். சௌந்திரத்துக்கு வாயில் இருந்த முந்தானையை எடுக்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் வேப்பமரத்து மேலிருந்து ஒருவன் கத்தினான்: "சேலத்துச் சார் போட்டோப் புடிச்சாருங்க! நான் பாத்தேன்!"

5

மைதானத்து ஓரத்தில் மாட்டு வண்டி மேல் ஏறி நின்றிருந்த பாக்கியநாதனை மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

இந்த இடத்தில் அவன் மனசுக்குள் ஒரு முறை போய்வர வேண்டும். அவன் படம் பிடித்தது உண்மை. சரியாக அந்தக் கணத்தில்தான் பிடித்தான். ஆனால் கேமரா திரும்பியிருந்தது கோட்டை நோக்கி அல்ல, பெண்கள் பக்கம். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க, மரியபுஷ்பம் ஒருத்தி குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தபடி நின்றாள். பார்த்தான், அழுத்தினான்.

அதை அங்கே எப்படிச் சொல்வது? இரண்டு ஊர் ஆண்கள். கையில் கம்பு இல்லாதவர்கள் குறைவு. "ஆட்டத்தின் உச்சத்துல நான் என் சம்சாரத்தைப் படம் பிடிச்சேன்" என்று 1963இல் நாமகிரிப்பேட்டையில் வண்டி மேல் நின்றுகொண்டு ஒரு மனுசன் சொல்ல முடியுமா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? பாக்கியநாதன் எச்சிலை விழுங்கினான். எச்சில் விழுங்கியதைத் தலையாட்டலாக எடுத்துக்கொண்டார்கள்.

படம் வரட்டும், கோட்டில் கை பட்டபோது சென்னிமலையின் வாய் பாடிக்கொண்டிருந்ததா என்று படம் சொல்கிறதுதான் தீர்ப்பு என்று முடிவானது. அதுவரை பரிசுக் கோப்பை யாரிடம் இருப்பது? நாமகிரிப்பேட்டையில் இருக்கக்கூடாது என்றது தம்மம்பட்டி. தம்மம்பட்டிக்குப் போகக்கூடாது என்றது நாமகிரிப்பேட்டை. கோப்பையையும் தூக்கிப் பாக்கியநாதன் கையில் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு தரப்பும் சேலத்துக்கு வந்து படத்தைப் பார்ப்பது என்று பேச்சு.

தம்மம்பட்டிக்காரர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். சௌந்திரம் பையை எடுத்துக்கொண்டு புருசன் பின்னாலேயே ஓடினாள்.

"நீ எங்க வாரே? உங்கண்ணன் ஊட்டுலயே இரு" என்றான் சென்னிமலை. "போட்டோ வரட்டும். நான் பொய்க்காரனா இல்லையான்னு தெரியட்டும். அப்புறம் பாக்கலாம்."

"அப்புறமுன்னா எப்பங்க?"

அவன் பஸ்ஸில் ஏறிவிட்டான். பஸ் போன பிறகும் அவள் பையைக் கீழே வைக்காமல் நின்றதை மரியபுஷ்பம் பார்த்தாள்.

6

[இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அதில் சேலம் திரும்பும் பஸ்ஸில் பாக்கியநாதன் தன் மனச்சாட்சியோடு நீண்ட உரையாடல் நடத்தினான். மனச்சாட்சி நல்ல செந்தமிழில் பேசியது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற ஒரு பார்சல் குமாஸ்தாவிடம் எந்த மனச்சாட்சியும் அப்படிப் பேசாது.]

பஸ்ஸில் நடந்தது இதுதான். கோப்பை மரியபுஷ்பத்தின் மடியில். கோப்பைக்குள் ஞானமேரி தின்று போட்ட கடலைத் தோல். மரியபுஷ்பம் வாய் மூடவில்லை.

"ஏங்க, கோடு நல்லா விழுந்திருக்கும்ல?"

"ம்."

"கை? விரலு தனியாத் தெரியுமா?"

"கழுவிப் பாத்தாத்தானே தெரியும், புஷ்பம்."

"அந்தப் பொண்ணு பையோட நின்னதை நினைச்சா சோறு இறங்காது போலிருக்கு. நல்ல வேளை நீங்க புடிச்சீங்க. நீங்க எப்பவும் ஆட்டத்தைப் புடிக்கவே மாட்டீங்களே, இன்னைக்குன்னு பாத்து எப்படித் தோணுச்சு?"

பாக்கியநாதன் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே போகிற கரும்பு வண்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

7

அவர்கள் வீட்டில் சாமான் அறைதான் படம் கழுவும் அறை. ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, இரண்டு பீங்கான் தட்டில் மருந்து ஊற்றி, இருட்டில் தடவித் தடவி வேலை செய்வான். மறுநாள் டியூட்டி முடிந்து வந்து, சாயங்காலம் கழுவினான். சுருளை வெளியே கொண்டுவந்து கொடியில் மாட்டியதும் மரியபுஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நெகட்டிவ் பார்க்கப் பழகிய கண். கறுப்பை வெளுப்பாகவும் வெளுப்பைக் கறுப்பாகவும் அவள் கண் தானாகவே மாற்றிக்கொள்ளும்.

ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசிப் படத்துக்கு வந்து நின்றாள்.

"இது நானு."

"ஆமா."

"கோடு எங்கே?"

"கோடு... விழலை."

"கோட்டுக்கு நேரா நின்னுக்கிட்டு, வேலை மெனக்கெட்டு எதுக்கு இந்தப் பக்கம் திரும்புனீங்க?"

பாக்கியநாதனுக்கு எத்தனையோ பதில் இருந்தது. கோட்டை எடுத்திருந்தாலும் புகையாகத்தான் வந்திருக்கும் என்பது ஒன்று. அதுவும் உண்மைதான். ஆனால் அவன் சொன்னது, "அங்கதான் வெளிச்சம் நல்லா இருந்துச்சு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். சிரிப்பா கோபமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவளுக்கே பிடிபட்டிருக்காது என்று நினைக்கிறேன். கல்யாணப் படத்தைத் தவிர இவ்வளவு தெளிவாக அவள் முகத்தை அவளே பார்த்ததில்லை. அதுவும் இப்படி, வாயைத் திறந்துகொண்டு.

"வாய்க்குள்ள ஈ போயிருக்கும் போல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். போனவள் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

8

இங்கே தப்பிக்க ஒரு சுலபமான வழி இருந்தது. நானும் அதைத்தான் முதலில் எழுதினேன். பாக்கியநாதனும் அதைத்தான் சொன்னான்.

"சுருள்ல வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை."

"சௌந்திரத்துக்கு?" என்றாள் மரியபுஷ்பம். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். "படம் கெட்டுப்போச்சுன்னா அந்த ஆளு பொய்க்காரனும் இல்லை, யோக்கியனும் இல்லைன்னு ஆயிடும். அவ பாட்டுக்கு அண்ணன் வீட்டுலயே கிடக்க வேண்டியதுதானா?"

"அப்போ என்ன சொல்லச் சொல்றே?"

"இருக்கறதைக் காட்டுங்க."

"சிரிப்பாங்க, புஷ்பம்."

"சிரிச்சா சிரிக்கட்டும். என் மூஞ்சிதானே? எனக்கே ஒண்ணும் இல்லை, உங்களுக்கு என்ன?"

பாக்கியநாதன் அந்த நெகட்டிவைக் கடைவீதி ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கி வந்தான். பெரிதாக்கிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தான். படத்தில் அத்தனை பெண்களும் முந்தானையால் முகத்தை மூடியிருக்கிறார்கள், சௌந்திரமும். திறந்திருப்பவை மரியபுஷ்பத்தின் கண்கள் மட்டும்தான். அவை எங்கே பார்க்கின்றன என்பதும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. கீழே, தரையில், நேரே முன்னால். நடுக்கோடு இருந்த இடத்தில்.

"புஷ்பம்," என்று கூப்பிட்டான். "நீ பாத்தியா?"

"எதை?"

"கையை. கோட்டை."

"பாத்தேனே."

"பஸ்ஸு முழுக்க என்னைக் கேட்டுக்கிட்டு வந்தியே, நீ பாத்ததை ஒரு வார்த்தை சொன்னியா?"

"யாரு என்னைக் கேட்டாங்க?" என்றாள் அவள்.

[ஞானமேரி இந்த இடத்தைச் சொல்லும்போது கடைக்காரரும் லென்ஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மரியபுஷ்பத்திடம் அன்றைக்கு அந்த மைதானத்தில் கேட்க வேண்டும் என்று இரண்டு ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்கும் தோன்றவில்லை. மேலே நான்காம் பகுதியைப் பாருங்கள். அவளைப் பெண்கள் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு ஆண்களைப் பேச விட்டிருக்கிறேன்.]

9

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இவர்கள் வருவதற்குள் வாசலில் கூட்டம். தம்மம்பட்டியிலிருந்து சென்னிமலையும் கட்சிக்காரர்களும். நாமகிரிப்பேட்டையிலிருந்து மருதாசலமும் அவன் ஆட்களும். கூடவே சௌந்திரம், அதே பையோடு. டிரில் மாஸ்டர் கந்தவேலும் வந்துவிட்டார். முன் அறையில் ஒரு பக்கச் சுவரோரம் ஒரு ஊர், எதிர்ப்பக்கச் சுவரோரம் இன்னொரு ஊர். நடுவில் ஸ்டூல் மேல் கோப்பை. மச்சானும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அறை அவ்வளவு சின்னது.

பாக்கியநாதன் படத்தைக் கொண்டுவந்து டிரில் மாஸ்டர் கையில் கொடுத்தான். அவர் பார்த்தார். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"சார், இது உங்க வீட்டம்மாவாச்சே."

"ஆமாங்க."

"கோடு?"

"கோடு இல்லீங்க. இதைத்தான் புடிச்சேன்."

பிறகு யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். அது பரவியது. தம்மம்பட்டிப் பக்கத்தில் ஒருவன், "ஊட்டுலயே இருக்கறவங்களைப் புடிக்கறதுக்கா சார் அத்தனை தொலவு வந்தீங்க?" என்றான். பாக்கியநாதனுக்குக் காது சிவந்துபோனது. ஆனாலும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"சிரிங்க, பரவாயில்லை. சிரிச்சு முடிச்சதும் அந்தக் கண்ணைப் பாருங்க" என்றான்.

படம் கை மாறிக் கை மாறிப் போனது. மருதாசலம் அதை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது.

"அட, ஆமாங்கோ. அத்தனை பேரும் மூஞ்சிய மூடிக்கிட்டோம். அக்கா ஒருத்திதான் பாத்திருக்குது." படத்தை இறக்கிவிட்டு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தான். "ஏனுங்கக்கா, சித்த வாங்க. கோட்டுல கை பட்டுச்சுங்களா?"

மரியபுஷ்பம் காப்பித் தம்ளர்களைக் கணக்குப் பார்த்து, போதாமல், மகளைப் பக்கத்து வீட்டில் வாங்கிவர அனுப்பிவிட்டு வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு ஊருக்கும் நடுவில் நின்றாள்.

"புழுதி கிளம்புனப்பவே பட்டுச்சுங்க. நடு விரலும் மோதிர விரலும். கோட்டுச் சுண்ணாம்பு நகத்துல ஒட்டுனதைப் பாத்தேன்."

தம்மம்பட்டிப் பக்கம் ஆரவாரம். மருதாசலத்தின் முகம் தொங்கிவிட்டது. சிநேகிதன் வீட்டிலேயே இப்படி ஆகும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. டிரில் மாஸ்டர் கையைத் தூக்கி ஆரவாரத்தை அடக்கினார்.

"இருங்க, இருங்க. கை பட்டப்போ பாட்டு இருந்துச்சாம்மா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"பாத்தேன்னு சொல்றீங்க?"

"பாத்ததைச் சொல்லிட்டேன். கேட்டதைச் சொல்லணும்னா, நான் கேக்கலை. படத்துல என் வாயைப் பாருங்க. அந்தக் கத்துக் கத்துனேன். என் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலை."

எல்லாரும் மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். மறுக்க முடியாதபடி வாய் திறந்திருந்தது. இந்தத் தடவை வந்த சிரிப்பு வேறு மாதிரி. சுவருக்குச் சுவர் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். டிரில் மாஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு ஓய்ந்ததும் மிச்சமிருந்தது ஒரே கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தவன் உலகத்தில் ஒரே ஆள். அவன் சுவரில் சாய்ந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருதாசலம் எழுந்தான். தொண்டையைச் செருமினான். அவன் குரல் முதல் முறையாக அறைக்குள் அடங்கியது.

"மாப்ளைங்க. அன்னைக்கு வாய் தவறிப்போச்சு. மூச்சு உங்களுது. இருந்துச்சா இல்லியான்னு நீங்க சொன்னாத்தான் உண்டு. நீங்க எதைச் சொன்னாலும் அதுதானுங்க நெசம். எங்கூருக்காரன் எவனும் மறுபேச்சுப் பேச மாட்டான்."

சென்னிமலை நிமிர்ந்து மச்சானைப் பார்த்தான். பிறகு கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தான். இந்தத் தடவை சௌந்திரத்தின் வாயில் முந்தானை இல்லை.

"ஏனுங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க," என்றாள். "செயிச்சாலும் நம்மூடு, தோத்தாலும் நம்மூடு. சீக்கிரஞ் சொல்லுங்க, பஸ்ஸு போயிரும்."

சென்னிமலை வாயைத் திறந்து, சொன்னான்.

10

என்ன சொன்னான்?

ஞானமேரி அப்போது பக்கத்து வீட்டில் தம்ளர் வாங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது எல்லாரும் எழுந்து நின்று ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மருதாசலம் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டிருந்தான். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

"அப்பாவைக் கேட்டிருப்பீங்களே?"

"கேட்டேன். ‘மூச்சு இருந்துச்சு மச்சான்'னு சொன்னாருன்னு அப்பா சொன்னாங்க."

"அப்போ அதுதானே?"

"அம்மாவையும் கேட்டேன். ‘விட்டுப்போச்சுங்க மச்சான்'னு சொன்னாருன்னாங்க. ரெண்டு பேரும் அங்கேயேதான் நின்னாங்க. சாகற வரைக்கும் இதை வச்சு ஒருத்தரை ஒருத்தர் சீண்டிக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தரும் விட்டுக்கொடுக்கலை."

நான் இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். பாக்கியநாதனின் முடிவில் மருதாசலம் ஸ்டூலிலிருந்து கோப்பையை எடுத்துத் தன் கையாலேயே மாப்பிள்ளையிடம் கொடுக்கிறான். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. மரியபுஷ்பத்தின் முடிவில் அதைச் சென்னிமலை எடுத்து மச்சானிடம் கொடுக்கிறான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் சௌந்திரம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். நானும் மூன்றாவதாக ஒன்றைத் தேடினேன். அதில் சென்னிமலை "எனக்கே தெரியலைங்க" என்கிறான். அது புத்திசாலித்தனமான முடிவு, ஆகவே எடுத்துவிட்டேன். மூச்சு முட்டப் பாடினவனுக்குத் தன் மூச்சு தெரியாமல் இருக்காது.

புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து தீர்க்காமல் வைத்துவிட்டுப் போனதை வெளியாள் நான் தீர்ப்பது முறையில்லை. உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். சென்னிமலை என்ன சொன்னான் என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். கோப்பையை யார் மடியில் வேண்டுமானாலும் வையுங்கள். காப்பியை ஆறவிடாமல் கொடுங்கள். பஸ் வந்ததும் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சௌந்திரத்துக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுங்கள். ஆத்தூர் தாண்டினால் அவளுக்குத் தலை சுற்றும். அது சென்னிமலைக்குத் தெரியும், ஆனால் அத்தனை பேர் முன்னால் அவன் கேட்க மாட்டான்.